அடைத்த கதவும் ஆவூர்க் குடிகளும்

பெரம்பூர் சட்டமன்றத் தொகுதியில் 2016 மே மாதம் நடந்த தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் பி. வெற்றிவேல் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வியாசர்பாடியில் இரண்டு தெருக்காரர்கள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அவ்வளவு நெருக்கமான போட்டி அது. வரிசையில் நின்று வாக்களித்தவர்கள் தங்கள் ஒற்றை வாக்குக்கும் எடை உண்டு என்று நம்பத் தக்க அரிய தேர்தல்களுள் ஒன்று. பதினாறு மாதங்கள் கழிந்தன. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். அப்பட்டியலில் வெற்றிவேலும் இருந்தார்.

அவர் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கும் தொகுதிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின் கட்சி யாருக்கு என்ற சண்டையில் அவர் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றார். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கையில்லை என்று 2017 ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களுள் ஒருவராயிருந்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் தந்தனர். மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்று நடந்து, மே 23 அன்று முடிவு வெளியாகி, தி.மு.க.வின் ஆர்.டி. சேகர் வென்றார். இடைப்பட்ட இருபது மாதங்களும் பெரம்பூருக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது.

சட்டமன்ற உறுப்பினர் இல்லையென்றால் மாமன்ற உறுப்பினரைப் பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஆக, கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கினாலும், கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் வந்தாலும், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் புகை எம்.கே.பி. நகர்வரை பரவினாலும், தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கும் உரிமை இம்மக்களுக்கு இல்லாது போயிற்று. வடசென்னைக்கென ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். தெருவிளக்குக்காகவும் சாக்கடைக்காகவும் அவரைத் தேடிப் போவது நடைமுறை இல்லை.

இதை எப்பெயரிட்டு அழைப்பது? நம் நாளிதழ்கள் ‘உட்கட்சிப் பூசல்’ என்று எழுதும்; தெருமுனையில் ‘கோஷ்டிச் சண்டை’ என்பார்கள். இரு பெயர்களும் ஒரு கருத்தை உள்ளடக்கியவை: இது அவர்கள் வீட்டு விவகாரம், வெளியார் தலையிடலாகாது. இக்கருத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எக்கட்சியையும் தூற்றுவது நம் எண்ணமன்று, அ.தி.மு.க.வை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், வியாசர்பாடி வாக்காளரின் கணக்கில் நேரடியாக வந்து விழுந்த செலவு அக்கட்சியின் சண்டையால் வந்தது என்பதே.

*

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் கோவூர்கிழார் நினைவுக்கு வருவது இயல்பு. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் மோதிய காலத்தில் அப்புலவர் இருவரிடமும் பேசினார். புறநானூற்றின் 45 ஆம் பாட்டை மேடைப் பேச்சாளர்கள் நன்கறிவர். இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்தி மாலை, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அதன் கருத்து. கட்சி பிளவுபடும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் இப்பாட்டின் பொருளைத் தம் சொற்களில் சொல்லி ஒற்றுமை வேண்டுவார். 2017 இல் சொன்னார்கள். 2022 இல் சொன்னார்கள். 2025 இல் பாட்டாளி மக்கள் கட்சியில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே தலைவர் யார் என்ற வழக்கு மூண்டபோதும் சொன்னார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய 44 ஆம் பாட்டை எவரும் எடுத்துப் பேசக் காணோம். அதில் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறான், வெளியே முற்றுகை. புலவர் இங்கே குடிப்பெருமை பேசவில்லை. உள்ளே சிக்கிக்கொண்டவர்களின் நிலையைச் சொல்கிறார்: தீனியும் நீரும் இன்றி வாடும் யானைகள், பாலின்றி அழும் குழந்தைகள், பூச்சூடாத பெண்கள். பிறகு மன்னனிடம் இரண்டு வழிகளைக் காட்டுகிறார். அறம் கருதுவாயானால் ‘இது உனது’ என்று கதவைத் திற. மறம் கருதுவாயானால் போரிடக் கதவைத் திற. இரண்டும் செய்யாது அடைத்துக் கிடப்பது நாணத் தக்கது.

இரு பாட்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. 45 ஆம் பாட்டு அரச குடியின் கவலை. 44 ஆம் பாட்டு ஊர்க் குடிகளின் கவலை. ஒற்றுமையை வேண்டுபவர் தலைவர்களின் நலத்தைப் பேசுகிறார். கதவைத் திற என்பவரோ உள்ளே அகப்பட்டவர்களுக்காகப் பேசுகிறார். கோவூர்கிழார் ‘சண்டையிடாதே’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டையிடுவதானால் வெளிப்படையாகச் சண்டையிடு, இல்லையேல் விட்டுக்கொடு என்றார். நம் கட்சிகள் மூன்றாம் வழியைக் கண்டுபிடித்தன. கதவை அடைத்துக்கொள்வது, உள்ளே இருப்பவர்கள் காத்திருப்பது.

*

அமெரிக்க நாட்டில் ‘பிரைமரி’ என்று ஒரு முறை உண்டு. பொதுத்தேர்தலுக்கு முன்னர், ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை அக்கட்சியைச் சேர்ந்த வாக்காளர்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். முதனிலைத் தேர்தல் என்று தமிழில் சொல்லலாம். இந்தியாவில் அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை. இங்கே உள்ளவை ‘விருப்ப மனு’வும் ‘நேர்காணலும்’ மட்டுமே. பணம் கட்டி மனுக் கொடுத்து, தலைமை அலுவலகத்தில் சில நிமிடம் தலைவர் முன் நின்றுவிட்டு வரவேண்டும். பட்டியல் ஒருநாள் வெளியாகும். தொகுதியில் உழைத்தவர் பெயர் இருக்கலாம்; முந்தைய நாள் வேறு கட்சியிலிருந்து வந்தவர் பெயரும் இருக்கலாம்.

முதனிலைத் தேர்தல் இல்லாத நாட்டில் முதனிலைச் சண்டை இல்லாமல் போவதில்லை. அது வேறு இடத்தில் நடக்கும். தமிழ்நாட்டில் அது பொதுத்தேர்தலிலேயே நடந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். வி.என். ஜானகி 1988 ஜனவரி 7 அன்று முதலமைச்சரானார். பேரவையில் அடிதடி நிகழ்ந்த இரண்டாம் நாள், ஜனவரி 30 அன்று, ஆட்சி கலைக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சி. இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. 1989 ஜனவரி 21 அன்று நடந்த தேர்தலில் சேவல் 27 இடங்களில் வென்றது. புறா 2 இடங்களில். ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அடுத்த மாதமே இரு அணிகளும் ஒன்றாகி இலையைத் திரும்பப் பெற்றன.

எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்ற கேள்விக்குக் கட்சி உறுப்பினர்கள் 1988 இலேயே வாக்குச்சீட்டில் விடை சொல்லியிருக்கலாம். அவர்களைக் கேட்கவில்லை. கட்சி தனக்குள் எண்ண மறுத்த வாக்கைத் தமிழ்நாடு முழுவதும் வரிசையில் நின்று எண்ணிக் கொடுத்தது. அதற்காக ஓராண்டு மக்களாட்சியை விலையாகக் கொடுத்தது.

2017 இல் அந்தப் பொறுப்பு வியாசர்பாடிக்கு அடுத்த வீட்டின் தலையில் விழுந்தது. ஜெயலலிதாவின் மறைவால் காலியான ஆர்.கே. நகர்த் தொகுதி, கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் உள்ளடங்கியது. ஏப்ரல் 12 அன்று நடப்பதாயிருந்த இடைத்தேர்தலுக்கு முன் இலை மறுபடி முடங்கியது. ஓர் அணிக்குத் தொப்பி, மற்றோர் அணிக்கு இரட்டை மின்கம்பம். வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததற்கான ஆவணங்கள் வருமான வரிச் சோதனையில் சிக்கியதை அடுத்து, வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கையில் தேர்தல் ஆணையம் அத்தேர்தலை நிறுத்தியது. டிசம்பர் 21 அன்று மீண்டும் நடந்தபோது இலை இ. மதுசூதனனிடம் இருந்தது, பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தி.மு.க. வேட்பாளர் வைப்புத்தொகையை இழந்தார். இருபது ரூபாய்த் தாளை அடையாளமாகக் கொடுத்து வாக்கு வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று ஊரெங்கும் பேசப்பட்டது.

ஆர்.கே. நகர் மக்கள் தம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத்தான் அழைக்கப்பட்டார்கள். ஆயினும் நடந்தது அ.தி.மு.க.வின் முதனிலைத் தேர்தல் என்பதை அன்று அறியாதவர் இல்லை. தெருவுக்குத் தெரு அமைச்சர்கள் முகாமிட்டார்கள். ஒரு கட்சியின் வாரிசுரிமை வழக்கில் ஒரு தொகுதியே சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. ஓராண்டுக்கு மேல் அத்தொகுதியிலும் உறுப்பினர் இல்லை. வடசென்னை வாக்காளரை ‘விலைபோகிறவர்’ என்று தென்சென்னை வரவேற்பறைகள் இழித்துப் பேசின. ஏலம் போட்டவர்களைப் பற்றி அவ்வரவேற்பறைகள் அதே குரலில் பேசவில்லை.

*

இனி, மிகவும் வருந்தத் தக்க பகுதிக்கு வருவோம். அ.தி.மு.க.வின் சட்டதிட்டத்தில் எம்.ஜி.ஆர். காலத்திலேயே ஒரு விதி இருந்தது. பொதுச்செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழு எதை மாற்றினாலும் இவ்விதியை மாற்றலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டுப் பெரிய கட்சிகளில் இவ்வளவு தூரம் துணிந்து எழுதியவை மிகச் சில. தி.மு.க.வில் தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது, மு.க. ஸ்டாலின் 2018 இலும் 2022 இலும் போட்டியின்றித் தேர்வானார். தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவர் தில்லியிலிருந்து நியமிக்கப்படுகிறார். ரிக்‌ஷா ஓட்டுநருக்கும் மீனவப் பெண்ணுக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை எழுத்தில் கொடுத்தது இக்கட்சி.

எழுத்தில்தான். ஜெயலலிதா தம் காலமெல்லாம் போட்டியின்றியே தேர்வானார். 2016 டிசம்பரில் வி.கே. சசிகலாவைப் பொதுக்குழு நியமித்தது. 2017 செப்டம்பரில் அதே பொதுக்குழு நியமனத்தை நீக்கி, பொதுச்செயலாளர் பதவிக்குப் பதிலாக ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரு பதவிகளை உண்டாக்கியது. 2021 டிசம்பரில் அவ்விரு பதவிகளுக்கும் தேர்தல் அறிவித்தபோது, வேட்புமனு வாங்க வந்த சாதாரணத் தொண்டர் ஒருவர் இராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் தாக்கப்பட்டார் என்ற செய்தியை அனைவரும் படித்தோம். ஓ. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வாயினர். அடுத்த ஆண்டு இருவரும் பிரிந்தனர்.

2022 ஜூன் 23 அன்று வானகரத்துத் திருமண மண்டபத்தில் கூடிய பொதுக்குழுவில் முன்வைக்கப்பட்ட 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டன. பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர்ப் புட்டிகள் பறந்தன. ஜூலை 11 அன்று அதே மண்டபத்தில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அதே நேரத்தில் இராயப்பேட்டை அலுவலக வாசலில் இரு தரப்பும் மோத, அலுவலகத்துக்கு அரசு முத்திரையிட்டது. ஆகஸ்டு 17 அன்று உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். செப்டம்பர் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்சநீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதிசெய்தது. மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச்செயலாளராகத் தேர்வானார். போட்டியின்றித்தான்.

போட்டி ஏன் இல்லை என்பதற்கு ஜூலை 11 அன்று இயற்றிய விதியே விடை சொல்லும். பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் ஐந்தாண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் வேறு பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும். வாக்களிக்கும் உரிமை அடிப்படை உறுப்பினருக்கு. யாருக்கு வாக்களிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை மாவட்டச் செயலாளருக்கு. பூட்டைத் தொண்டனிடம் தந்துவிட்டுச் சாவியை வேறொருவரிடம் ஒப்படைத்த கதை.

இவ்விடத்தில் உத்திரமேரூரை நினைக்காதிருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைக் காட்டி, உலகுக்கே மக்களாட்சி தந்தோம் என்று மார்தட்டுவது நமக்கு வழக்கம். அது பிராமண சபை; சொத்தும் கல்வியும் உடையவர்களின் பெயரே குடத்தில் விழும்; முடிவும் குலுக்கலில்தான். மார்தட்ட அதிகம் இல்லை. ஆயினும் அதில் உள்ள இரண்டு கட்டுப்பாடுகளை மறக்கலாகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரையும் இடக்கூடாது. பதவியில் இருந்தவர் விலகி நிற்கவேண்டும் என்றது பத்தாம் நூற்றாண்டு. பதவியில் இருந்தவரே நிற்கலாம் என்கிறது இருபத்தோராம் நூற்றாண்டு.

எண்களையும் சற்று நினைத்துப் பார்ப்போம். ‘ஒன்றரைக் கோடித் தொண்டர்கள்’ என்பது அக்கட்சியின் மேடைகளில் ஓயாமல் ஒலித்த தொடர். வானகரத்தில் கூடியவர்கள் ஏறத்தாழ 2,600 பேர் கொண்ட பொதுக்குழுவினர். இறுதியில் எந்த முடிவையும் நிலைநாட்டியவர்கள் ஒற்றை எண்ணிக்கையில் அடங்கும் நீதிபதிகள். கோடி, ஆயிரமாகி, ஆயிரம் ஐந்தாறாகச் சுருங்கும் இந்தக் கணக்கில் வியாசர்பாடி எங்கே இருக்கிறது?

*

சண்டையே கூடாது என்பது நம் கட்சி அன்று. சண்டை நடந்து, எண்ணி முடித்து, எண்ணிக்கைக்குப் பணிந்த மரபும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1940 இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குச் சத்தியமூர்த்தி அணியின் சார்பில் காமராஜரும் இராஜாஜி அணியின் சார்பில் சி.பி. சுப்பையாவும் நின்றனர். காமராஜருக்கு 103 வாக்குகள், சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்குகள் அடுத்த கால் நூற்றாண்டுத் தமிழக அரசியலின் திசையைத் தீர்மானித்தன. 1954 இல் இராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர், 93க்கு 41 என்று காமராஜர் வென்றார். வென்றவர் செய்த முதற்காரியம், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்தது. எண்ணிக்கை வெளிப்படையாக இருந்தபடியால் தோற்றவர் துரோகி ஆகவில்லை. 41 பேருக்கு உரியவராக மதிக்கப்பட்டார். எண்ணாத சண்டையில் தோற்றவருக்கு எண்ணிக்கை கிடையாது. ஆகவே மதிப்பும் கிடையாது. அவர் நீக்கப்படுவார், அல்லது நீதிமன்றம் செல்வார்.

பழங்கதை பேசுகிறோம் என்று தோன்றினால், பெரம்பூருக்கே வருவோம். 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பிறந்த மண் இது. இங்குள்ள ரயில்வே பணிமனைகளில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை 2007 இலும் 2013 இலும் 2024 இலும் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தீர்மானித்தார்கள். கொள்கையால் எதிரெதிரான சங்கங்கள், கடுமையான பிரசாரம், வாயிற்கூட்டங்களில் கொதிப்பான பேச்சு. வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் பணிமனைச் சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போனார்கள். லேத் பட்டறையில் நிற்கும் ஒருவர் தம் சங்கம் எது என்று ரகசியமாகச் சொல்ல முடிகிறது. அவரே ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டையையும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அக்கட்சியின் தலைவர் யார் என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

*

எதிர்வாதங்களை மறைக்கலாகாது. முதலாவது: முதனிலைத் தேர்தல் நடக்கும் அமெரிக்காவில் பிளவு இல்லையா? உண்டு. 2016 இல் ஹிலாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்சுக்கும் இடையே நடந்த போட்டியில் கட்சி அலுவலகம் ஒருபக்கம் சாய்ந்தது என்ற கசப்பு எழுந்தது. மின்னஞ்சல்கள் கசிந்து ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. ஆனால் அதே நாட்டின் 1968 ஆம் ஆண்டையும் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமல், கட்சிப் பெருந்தலைகளின் தயவால் வேட்பாளரானார். மாநாடு நடந்த சிக்காகோ நகரின் தெருக்களில் இரத்தம் சிந்தியது. அதன் பிறகே முதனிலைத் தேர்தல்கள் இன்றைய முக்கியத்துவம் பெற்றன. எண்ணினால் கசப்பு வரும். எண்ணாவிட்டால் கலகம் வரும். 2008 இல் கடுமையாக மோதிய ஒபாமா, வென்றபின் ஹிலாரியை வெளியுறவு அமைச்சராக்கினார் என்பதும் நினைவுக்குரியது. காமராஜர் அதை 1954 இலேயே செய்துவிட்டார்.

இரண்டாவது: இந்தியாவில் இதைச் செய்து பார்த்துத் தோற்கவில்லையா? 2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் சில தொகுதிகளில் முதனிலைத் தேர்தல் நடத்தியது. வடோதராவில் நரேந்திர ராவத் என்பவர் அவ்வாறு தேர்வானார். பிறகு அங்கே நரேந்திர மோடி நிற்கிறார் என்று தெரிந்ததும் ராவத் விலக, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். உறுப்பினர்கள் எண்ணிச் சொன்னதைத் தலைமை ஒரே நாளில் எடுத்துவைத்தால், முறை தோற்றதாகுமா, தலைமை தோற்றதாகுமா? 2022 அக்டோபரில் அதே கட்சியின் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டி என்றார்கள், இருக்கலாம். ஆயினும் தோற்ற தரப்புக்கு 1,072 என்ற எண் கிடைத்தது. அவ்வெண்ணை எவரும் கட்சியைவிட்டு நீக்க முடியாது.

மூன்றாவது வாதமே வலுவானது: பணம். பொதுத்தேர்தலிலேயே வாக்குக்கு விலை பேசப்படும் ஊரில், உறுப்பினர் வாக்குக்கும் விலை பேசமாட்டார்களா? பேசுவார்கள். உறுப்பினர் பட்டியலிலேயே இறந்தவர்களும் பெயரளவினரும் நிறைவார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய முறையில் பணம் இல்லையா என்று கேட்கிறோம். சிலரை மட்டும் வசப்படுத்தினால் போதும் என்னும் இடத்தில் பணத்தின் வேலை எளிது. பல இலட்சம் பேரை வசப்படுத்த வேண்டிய இடத்தில் கடினம். கடினம் என்பதற்காக முடியாது என்று சொல்லவில்லை. கடினமாக்குவதுதான் சட்டத்தின் வேலை.

சட்டமோ கட்சிகளின் வாசலில் நின்றுவிடுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1988 இல் சேர்க்கப்பட்ட 29அ பிரிவு, கட்சிகள் மக்களாட்சிக்கு விசுவாசம் தெரிவித்துப் பதிவுசெய்யக் கோருகிறது. அந்த விசுவாசத்தை மீறினால் பதிவை நீக்கும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2002 இல் கூறியது. கட்சிகளின் உட்தேர்தலைச் சட்டமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999 இலேயே தன் 170 ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. மறுபுறம், கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்பதற்கு 1968 ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை இருக்கிறது. கட்சி மாறினால் பதவி போகும் என்பதற்கு 1985 இல் பத்தாம் அட்டவணை வந்தது. இலைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆட்சிக்குப் பாதுகாப்பு உண்டு. இலையைப் பார்த்துக் குத்தியவருக்கு மட்டும் இல்லை.

*

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒரு கட்சி ஒதுக்கப்பட்ட சின்னத்தை அனுபவிக்க வேண்டுமானால், அதன் தலைவரை உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில், கட்சி சாராத மேற்பார்வையில் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னம் பொதுச் சொத்து. அதற்கு ஈடாக இவ்வளவு கேட்பது மிகையன்று. இரண்டாவது, போட்டியிட விரும்பும் உறுப்பினரை மாவட்டச் செயலாளர்களின் கையொப்பம் தடுக்கலாகாது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சாதாரண உறுப்பினர்களின் கையொப்பம் போதும். மூன்றாவது, காலியான தொகுதிக்கு ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் என்று சட்டம் சொல்வதை, வழக்கு நடக்கிறது என்பதற்காக ஒத்திப்போடும் நிலை வரலாகாது. கட்சிக்காரர்களின் வழக்கு எத்தனை ஆண்டும் நடக்கட்டும். தகுதிநீக்க வழக்குகளுக்கு மட்டும் நீதிமன்றம் காலவரம்பு வகுத்துக்கொள்ளட்டும்.

இம்மூன்றும் நடந்தால் வியாசர்பாடியில் மழைநீர் வடிந்துவிடுமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வடியாது. ஆனால் வடியவில்லையே என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களே அவரை வைத்திருக்கவோ அனுப்பவோ செய்வார்கள். வானகரத்து மண்டபமோ பேரவைத் தலைவரின் மேசையோ செய்யாது. ஜீவாவின் பெயரை ரயில் நிலையத்துக்குச் சூட்டிக்கொண்ட ஊர் அது. மேடையேறிக் கேள்வி கேட்பதற்கு அஞ்சாத ஊர். அதன் சலிப்பை அரசியல் அறியாமை என்று எண்ணுபவர்கள், அம்மக்களை ஒருமுறையேனும் ரயில்வே வாக்கெடுப்பு நாளன்று பணிமனை வாசலில் வந்து பார்க்க வேண்டும்.

ஆவூர்க் கோட்டையின் கதவு திறந்ததா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. புலவர் கேட்டதோடு அது நின்றுவிடுகிறது. அவர் ஒருவர்தான் கேட்டார். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கும் உரிமை அன்று இல்லை. இன்று உண்டு. தலைவர்களின் ஒற்றுமைக்காக வேண்டுவதைச் சற்றே நிறுத்திவிட்டு, அந்த உரிமையைக் கொண்டு கதவைத் தட்டுவோம். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.